கண்ணாடி ஏற்றாத நாள்

பஸ்ஸில் கண்ணாடிச் சாமான் ஏற்றினால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கீழேதான் வைக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. பலருக்கு இது தெரியாது. பின்னால்தான் இடம் தாராளம் என்று பின்பெஞ்சில் கொண்டுபோய் அடுக்குவார்கள். பின்பெஞ்சு, பின்சக்கரத்தையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. முன்னால் உட்கார்ந்தவனை லேசாக அசைத்துவிட்டுப் போகிற பள்ளம், பின்னால் இருப்பவனைத் தூக்கிப் போட்டு இறக்கும். பாலக்கரையில் லாந்தர் சிம்னி வியாபாரம் செய்கிற ஜெகபர் சாதிக் பாயைக் கேட்டுப் பாருங்கள். மருங்காபுரிச் சந்தைக்கு அவர் பெட்டி வருஷக்கணக்காக என் வண்டியில்தான் போகிறது. வைக்கோல் சுற்றிக் கட்டி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். ஒரு சிம்னி விரிசல் கண்டது என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த வழக்குக்கு அது வேண்டும், பிறகு வருகிறேன்.

உட்காரச் சொன்னதற்கு வந்தனம். வக்கீலுக்குத் தெரியாமல் வந்திருக்கிறேன். கோர்ட்டில் கையைக் கட்டிக்கொண்டு, "தெரியாம பள்ளத்துல விட்டுட்டேன் எஜமான், மன்னிக்கணும்" என்று சொன்னால் அபராதத்தோடு போய்விடும் என்று அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வீட்டில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை.

என் பெயர் ரெங்கராஜு. வீடு காட்டூரில். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் இருக்கிற ஐயங்கார் முதலாளியின் பஸ்ஸை ஓட்டுகிறேன். உங்களுக்கு என்னை முன்பே தெரியும். போன வைகுண்ட ஏகாதசிக்குக் காவேரிப் பாலத்தில் அவ்வளவு ஜனத்துக்கு நடுவே நான் வண்டி எடுத்தபோது நீங்களும் குடும்பத்தோடு உள்ளே இருந்தீர்கள். உங்கள் வீட்டு அம்மாள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டே வந்தது. இறங்கும்போதும் விழிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். நான் அதையெல்லாம்தான் கவனிப்பேன். முதலாளி நாலு பேர் எதிரில் சொல்வார்: "ரெங்கராஜு ஓட்டினான்னா பெருமாள் மடியிலே படுத்துண்டு போறாப்ல இருக்கும்." மற்ற டிரைவர்கள் முகம் அப்போது போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

முதலாளி நல்லவர். ஆனால் ஒரு விஷயத்தில் கறார். மனுஷன்மேல் வண்டியை இடித்தவன் அவருடைய வண்டியை மறுபடி தொடக் கூடாது. எனக்கு முன்னால் இருந்தவன் உறையூரில் ஒரு பெரியவரை இடித்துவிட்டான். பெரியவர் பிழைத்து எழுந்து நடமாடினார். டிரைவர்தான் எழவில்லை. இப்போது ஜங்ஷனில் மூட்டை தூக்குகிறான். வேறு முதலாளிகளும் அவனைச் சேர்க்கவில்லை. போன ஆடியில் முதலாளி ஒரு புது வண்டி வாங்கி, அதற்குப் பாடி கட்ட விட்டிருந்தார். அது எனக்கா, இன்னொரு டிரைவர் பிச்சைமுத்துவுக்கா என்று ஷெட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு மற்றவர்களுக்குத்தான். எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் காத்தான் வந்தான்.

மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரன். கடலை விற்க மனைவி ராக்கம்மாளோடு திருச்சிக்கு வந்திருந்தான். ஊர் திரும்ப என் வண்டிக்கு வந்தான். நல்ல வெயில் நேரம். பாலக்கரையில் ஒரு மண்டியின் சுவரோரம் வண்டி நின்றது. பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டும். பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் இறங்கிப் போய் நின்று தகரத்தில் தட்ட வேண்டும். இரண்டு தட்டு என்றால் வரலாம், ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். எல்லா வண்டியிலும் அதுதான் வழக்கம். கண்டக்டர் சுடலைமுத்து வெற்றிலை வாங்கப் போனவன் திரும்பவில்லை. அவனுக்காகக் காத்திருக்க எனக்குத் தோன்றவில்லை. என் வண்டியின் பின்பக்கம் எங்கே முடிகிறது என்று இன்னொருவன் தட்டித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

காத்தான் வண்டியின் பின்புறத்தில் கூரைக்கு ஏறுகிற ஏணியைப் பிடித்துக்கொண்டு சாக்கை மேலே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறான். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே இடுப்பு மாட்டிக்கொண்டது. கத்தவில்லை. மூச்சு வெளியே போகிற சத்தம் மட்டும் கேட்டது. வண்டியை முன்னால் நகர்த்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வேட்டியில் அழுக்குக்கூட இல்லை. ஏணியைப் பிடித்தபடி நின்றான்.

"ஒண்ணுமில்லண்ணே. லேசா அமுக்கிருச்சு" என்றான்.

ஓர் அடி எடுத்து வைத்தான், கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். அதற்குள் ராக்கம்மாளும் சுடலைமுத்துவும் ஓடி வந்தார்கள். ஏணியிலிருந்து விழுந்துவிட்டார் என்று சொன்னேன். காத்தான் என்னை அண்ணாந்து பார்த்தான். மறுத்துப் பேசவில்லை. நானே அவனைத் தூக்கி வண்டியில் போட்டு, பிரயாணிகளை இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்த வழியில் பூவைக் கொண்டுபோகிற மாதிரி ஓட்டினேன். குறித்துக்கொள்ளுங்கள், அவனுக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரிந்திருக்காது.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். காத்தானின் இடுப்பெலும்பை இரண்டு பக்கமும் கையை வைத்து அழுத்தினார். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். சிறுநீர் கழிக்க முடியவில்லை, ரத்தம் இரண்டு சொட்டு வந்தது. ராக்கம்மாள் அழுதுகொண்டிருந்ததால் டாக்டர் விவரத்தை என்னிடம்தான் சொன்னார். சொன்னதைப் புரிந்துகொள்கிற ஆள் நான் என்று என்னைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பெலும்பு ஒரு வளையல் மாதிரி, அது ஓர் இடத்தில் உடைந்தால் இன்னோர் இடத்திலும் உடைந்திருக்கும் என்றார். உடைந்த முனை உள்ளே குத்தி ரத்தம் கசிந்திருக்கிறது, இப்போது உறைந்து நிற்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. அடிவயிற்றுக்குள்ளே ஒரு குடம் ரத்தம் கொட்டினாலும் வெளியே ஒரு சொட்டு வராது. இடுப்பைச் சுற்றிப் போர்வையை இறுக்கிக் கட்டியிருக்கிறோம், அது அவிழக் கூடாது. மாசக்கணக்கில் அசையாமல் படுத்திருந்தால் எழுந்துவிடுவார்.

"குலுங்கினா போச்சுங்க. ஒரு நல்ல குலுக்கல் போதும்" என்றார்.

அவர் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டாம். பிறகு நான் அடிக்கடி நினைத்துக்கொண்டது இது.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாத்துக்குடி வாங்கிப் போனேன். பக்கத்துக் கட்டில்காரர்கள், கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்றார்கள். ராக்கம்மாள் என்னை அண்ணே என்றாள், நான் அவளைத் தங்கச்சி என்றேன். காத்தானும் தேறிக்கொண்டுதான் வந்தான். ஒரு நாள் அவள் வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். காத்தான் என்னைக் கிட்டே வரச் சொன்னான்.

"நான் யாருகிட்டயும் சொல்லலண்ணே. சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது. ஆனா கொஞ்சம் பின்னால பாத்து எடுத்திருக்கலாம்ணே."

கோபமாகச் சொல்லவில்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னான். காளையைத் தவிர எதையும் ஓட்டியறியாதவன், படுத்தபடி எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறான். நான் சிரித்தேன். ஆமாம் தம்பி என்றேன். சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தேன். சொல்லவில்லை என்று ஒருவன் சொன்னால், சொல்வதற்கு அவனிடம் ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அவன் ஆயுசுக்கும் அதை வைத்துக்கொண்டிருப்பான். தாங்கித் தாங்கி நடப்பான். ஏன் இப்படி நடக்கிறாய் என்று சந்தையில் எவனாவது கேட்பான். நான் ஓட்டுகிற புது வண்டியில் அவனே ஒரு நாள் ஏறி உட்கார்ந்து, என் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவான். என்னால் அப்படி ஓட்ட முடியாது, ஐயா. முதுகில் ஒருவன் கண் இருந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் நூறு பேருக்கு ஆபத்து. ஒருவனையும் நூறு பேரையும் பார்க்க வேண்டும் அல்லவா.

ராக்கம்மாளிடம் நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. நீர் பிரியாவிட்டால் வயிற்றைக் கிழிப்பார்கள் என்றேன். சில பேருக்கு அப்படிச் செய்வது உண்டுதான். ஆஸ்பத்திரியில் செத்தால் உடம்பை அறுத்துத்தான் தருவார்கள் என்றேன். அதுவும் சில சமயம் உண்மை. உங்கள் ஊர்ப் பக்கம் எலும்பு கட்டுகிற வைத்தியர் இருக்கிறாரே, பச்சிலை வைத்து மூங்கில் பத்தை கட்டினால் எத்தனை பேர் எழுந்து ஏர் பிடிக்கிறார்கள் என்று கேட்டேன். முடிவு செய்தது அவள்தான். அவர்கள் ஊரில் கை ஒடிந்தாலும் கால் ஒடிந்தாலும் அவரிடம்தான் போவார்கள். இடுப்பு ஒடிந்தாலும் அதுவும் எலும்புதானே என்பது அவள் கணக்கு. எலும்புக்கு உள்ளே இருக்கிறதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. மறுநாள் காலையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எங்கள ஊருல கொண்டுபோயி விட்டுருங்கண்ணே. ஒங்க வண்டின்னா அலுங்காம போவும்னு எல்லாரும் சொல்றாங்க."

அவளாகச் சொன்ன வார்த்தை இது. டாக்டர் எவ்வளவோ தடுத்தார். இவள் தரையில் விழுந்து அழுதாள். கடைசியில் கட்டை விரல் ரேகை வாங்கிக்கொண்டு விட்டார். வாசல் வரை வந்து என்னிடம் சொன்னார், முன்னால் படுக்க வையுங்கள், நடக்கிற வேகத்தில் போங்கள், கட்டை அவிழ்க்காதீர்கள். நான் தலையாட்டினேன். நான் ஓட்டுகிறேன் என்பதால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

பாலக்கரையில் மற்றப் பிரயாணிகளை ஏற்றிக்கொள்ள நின்றேன். நோயாளி படுத்து வரட்டும் என்று பின்பெஞ்சு முழுவதையும் காலி செய்து காத்தானுக்கு விட்டேன். ஜமக்காளம் விரித்தேன். கையைக் காலை நீட்டிப் படுக்க அதுதான் வசதி என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருவர், டிரைவர்னா இப்படி இருக்கணும் என்று உரக்கவே சொன்னார். ராக்கம்மாள் பாவம், பல ராத்திரிகளாகக் கண் மூடாதவள். அவளை முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். சுடலைமுத்துவைக் காத்தானின் காலருகில் உட்காரச் சொன்னேன்.

மணப்பாறை வரை ரோடு மோசமில்லை. அதற்குப் பிறகு மருங்காபுரிக்குப் போகிற கப்பி ரோடு ஜில்லா போர்டு மறந்துபோன ரோடு. அதை என்னைப் போல அறிந்தவன் இந்த ஜில்லாவில் இல்லை. புளியமர வேர் ரோட்டைப் புடைத்துத் தூக்கியிருக்கிற இடம், சின்னப் பாலத்துக்கு முன்னால் மண் உள்வாங்கிய இடம், மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடுகிற காட்டாறு குறுக்கே அறுத்த இடம். எல்லாம் எனக்குத் தெரியும். அவற்றுக்கு நடுவே வண்டியை எண்ணெயில் வழுக்குகிற மாதிரி எடுத்துப் போவேன். அதற்குத்தான் பெயர் வாங்கினேன்.

மணப்பாறையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினேன். பின்னால் போய்ப் பார்த்தேன். காத்தானுக்கு நல்ல நினைவு இருந்தது. இடுப்புக் கட்டு மூச்சை அடைக்கிறது என்றான். அவிழ்த்துவிட்டேன். அப்பாடா என்றான். அவன் முகம் தெளிந்ததைப் பார்த்துச் சுற்றி இருந்தவர்களுக்கும் சந்தோஷம்.

"இனிமே கொஞ்சம் பாத்துப் போங்கண்ணே" என்றான்.

"பாத்துத்தான் போவேன் தம்பி" என்றேன். அது பொய்யில்லை. வாழ்நாளில் அவ்வளவு பார்த்து நான் ஓட்டியதில்லை.

வேகமாகப் போகவில்லை. வேகமாகப் போனால் பிரயாணிகள் சத்தம் போடுவார்கள், வண்டியும் பள்ளத்தைத் தாவிப் போய்விடும், பலன் இல்லை. முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றிக்கொண்டு பின்சக்கரம் ஒன்றை மட்டும் பள்ளத்தில் இறக்க வேண்டும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு லேசாகச் சாய்கிற மாதிரி இருக்கும். பின்பெஞ்சு மட்டும் எழும்பி விழும். இதைச் செய்ய எல்லோராலும் முடியாது. புளியமர வேரில் அவன் அம்மா என்றான். பாலத்துக்கு முன்னால் இரண்டு தடவை சொன்னான். பிறகு தண்ணீர் கேட்டான், யாரோ கொடுத்தார்கள். காட்டாறு நெருங்கும்போது திரும்பிப் பார்த்தேன். சுடலைமுத்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காத்தான் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஏணியடியில் பார்த்த அதே பார்வை. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அப்போதும் சொல்லவில்லை. காட்டாற்றுப் பள்ளத்துக்குப் பிறகு சத்தமே வரவில்லை.

ராக்கம்மாள் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்தாள், ஐயா. மணப்பாறையிலிருந்து மருங்காபுரி வரை விழிக்கவில்லை. முன்பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

வீட்டில் இறக்கியபோது அவன் வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வைத்தியர் வந்தார், தொட்டுப் பார்த்தார், பச்சிலையைக் கீழே வைத்துவிட்டார். விடிவதற்குள் முடிந்துவிட்டது. செய்தி கேட்டு நான் கோடித் துணி வாங்கிக்கொண்டு போனேன். ராக்கம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாகும்போதும் அவர், நான்தான் ஏணியிலேர்ந்து தவறி விழுந்தேன், டிரைவரண்ணன் மேல ஒரு தப்பும் இல்லே என்று சொல்லிவிட்டுத்தான் செத்தாராம். பாருங்கள். தப்பைப் பற்றி யார் கேட்டார்கள்? கேட்காமலே சொன்னால் கேட்பவர்களுக்குச் சந்தேகம் வருமா வராதா? அந்த ஆளால் ஒரு ரகசியத்தைக்கூட ஒழுங்காகக் காப்பாற்ற முடியவில்லை. நான் செய்தது சரி என்று எனக்கு அப்போது உறுதிப்பட்டது.

இதோடு போயிருக்கும். அன்று வண்டியில் வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சும்மா இருக்கவில்லை. அஜாக்கிரதையாக ஓட்டி நோயாளியைக் குலுக்கிக் கொன்றுவிட்டான் என்று மனு எழுதிப் போட்டார். நீங்களும் அப்படியே வழக்கு எழுதினீர்கள். அப்போதும் நான் பேசாமல்தான் இருந்தேன். முதலாளியே எனக்கு வக்கீல் வைத்தார். போன வாய்தாவில் பிச்சைமுத்துவை எனக்குச் சாதகமான சாட்சி என்று கூண்டில் ஏற்றினார்கள். அவன் என்ன சொன்னான் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"அந்த ரோட்டுல யாரு ஓட்டுனாலும் பள்ளத்துல விழத்தாங்க செய்யும். ரெங்கராஜண்ணனுக்கும் வயசாவுது, முன்ன மாதிரி கண்ணு தெரியறதில்ல."

முதலாளி தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினார், ஐயா. நான் பார்த்தேன். சாயந்திரம் புது வண்டியின் சாவி பிச்சைமுத்துவிடம் போய்விட்டது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை ரெங்கராஜு, இனிமேல் ஷெட்டைப் பார்த்துக்கோ என்றார். தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் பரிதாபப்படுகிறார்கள். பாவம், தெரியாமல் விட்டுவிட்டான் என்கிறார்கள்.

அதனால்தான் வந்தேன். அஜாக்கிரதை என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அந்த ரோட்டில் ஒரு பள்ளத்தில்கூட நான் தெரியாமல் வண்டியை விடவில்லை. ஒவ்வொன்றிலும் பார்த்து, அளந்து, இறக்கினேன். காத்தான் சாக வேண்டும் என்று இறக்கினேன். செத்தான். அத்தாட்சி வேண்டுமென்றால் ஜெகபர் சாதிக் பாயைக் கூப்பிடுங்கள். அன்று காலை பாலக்கரையில் வழக்கம்போல் சிம்னிப் பெட்டியோடு வந்து நின்றார். இன்னிக்கு வேண்டாம் பாய், நாளைக்கு ஏத்திக்கிறேன் என்று திருப்பி அனுப்பினேன். என் பக்கத்து சீட்டின் கீழே இடம் காலியாகத்தான் இருந்தது. முன்பக்கம் வைத்தாலும் எங்காவது ஒரு சிம்னி விரிசல் கண்டுவிடக் கூடாதே என்று நினைத்தேன். கண் தெரியாதவன், கவனமில்லாதவன் புறப்படுவதற்கு முன்னாலேயே அப்படி யோசிப்பானா? அவரிடம் கேளுங்கள். பிச்சைமுத்துவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். முதலாளியும் இருந்தால் நல்லது.

தூக்கோ தீவாந்திரமோ, சட்டப்படி எது வருமோ வரட்டும். கையெழுத்துப் போடுகிறேன். எங்கே போட வேண்டும்?

ஒரே ஒரு வேண்டுகோள். கொன்றதை நான் சொன்ன மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றையும் மறைக்க வேண்டாம். பாலக்கரையில் வண்டியைப் பின்னால் எடுத்தேனே, அந்த இடத்தில் மட்டும் காத்தான் ஏணியிலிருந்து தவறி விழுந்தான் என்று எழுதுங்கள்.